10/66: மறதி நோயும் வளரும் நாடுகளின் கூட்டாய்வும்

மருத்துவ ஆய்வுலகில் '10/66' என்றொரு பெயர் வழங்கி வருகிறது. பின்னக் கணக்குப் போல் தோன்றும் இப்பெயருக்குள் ஒரு முறையீடு அடங்கியுள்ளது. டிமென்ஷியா எனும் மறதி நோய்க்கு ஆளானோரில் 66 விழுக்காட்டினர், அதாவது மூன்றில் இரு பங்கினர், வளரும் நாடுகளில் வாழ்கின்றனர். ஆயின் அந்நோய் குறித்து மக்களிடையே நடத்தப்பெற்ற ஆய்வுகளில் 10 விழுக்காட்டிற்கும் குறைவானவையே அந்நாடுகளில் நிகழ்ந்திருந்தன. 1998ஆம் ஆண்டு கொச்சியில் பன்னாட்டு அல்ஸைமர் நோய்க் கூட்டமைப்பின் மாநாடு கூடியபோது, இந்த ஏற்றத்தாழ்வையே தமக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டு ஓர் ஆய்வுக் குழு உருவாயிற்று. லண்டனைச் சார்ந்த மனநல மருத்துவர் மார்ட்டின் பிரின்ஸ் அதனை ஒருங்கிணைத்தார். இந்தியா, சீனா, லத்தீன் அமெரிக்கா, கரீபியத் தீவுகள், ஆப்பிரிக்கா எனப் பல பகுதிகளின் மருத்துவர்கள் அதில் இணைந்தனர்.

ஏழை நாடுகள் தமக்குள் கைகோத்து எதைக் கண்டறிந்தன, எந்த இடத்தில் தேங்கி நின்றன என்பதை நாம் இங்குச் சற்று விரிவாக நோக்குவோம். சென்னையும் வேலூரை அடுத்த சிற்றூர்களும் அக்கூட்டாய்வின் களங்களாக இருந்தன என்பதால், இது நமக்கு அயலார் செய்தி அன்று.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 'மறதி நோய்' என்பது முழுமையான பெயராகாது. நினைவு மட்டுமின்றி மொழி, திசையறிவு, காலவுணர்வு, பழகிய வேலையைச் செய்யும் திறன், சில வேளைகளில் குணமுங்கூடச் சிதைகின்றன. அல்ஸைமர் நோய் இதற்கான காரணங்களுள் முதன்மையானது. மூளையின் இரத்தக் குழாய்க் கோளாறுகள் அடுத்து நிற்கின்றன. அரபியில் இதனைக் 'கரஃப்' என்பர். இலையுதிர் காலத்தைக் குறிக்கும் 'கரீஃப்' என்ற சொல்லும் இதே வேரினது. நம் வேளாண் துறையினர் வழங்கும் 'கரீஃப் பருவம்' என்பதும் அச்சொல்லே. தமிழில் 'அறளை பெயர்தல்' என்ற பழைய வழக்கு உண்டு. இலங்கைத் தமிழரிடையே அது இன்னும் புழங்குகிறது. கேரளச் சிற்றூர்களில் இந்நிலையைச் 'சின்னன்' என்றழைப்பதாக ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். முதியவர் சிறுபிள்ளையாகிவிட்டார் என்பது அதன் கருத்து. இவ்வாறு ஊர்தோறும் பெயர் இருந்தது. அஃது ஒரு நோய் என்ற எண்ணம் மட்டும் இல்லை.

ஒரு நோயை எண்ண வேண்டுமாயின் அதனை இனங்காணும் கருவி வேண்டும். 1975 முதல் உலகெங்கும் பரவிய 'மினி மென்டல்' எனும் சிறு தேர்வு அமெரிக்காவில் பிறந்தது. இன்று என்ன தேதி, இஃது என்ன பருவம், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வருக, ஒரு வாக்கியம் எழுதுக, இந்த ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரைக என்பன அதன் வினாக்களுட் சில. எழுதுகோலையே பிடித்தறியாத ஒரு மூதாட்டியிடம் இவற்றைக் கேட்டால் அவர் தோற்பது உறுதி. ஆனால் அதே மூதாட்டி பத்துப் பேருக்கு அளவு பிசகாமல் சமைப்பார். மூன்று தலைமுறை உறவுமுறைகளை ஒப்பிப்பார். மறுபுறம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உள்ளுக்குள் சிதையத் தொடங்கிய பின்னரும் பழைய கல்வியின் பலத்தால் அத்தேர்வில் தேறிவிடக்கூடும். அத்தேர்வு எழுத்தறிவையே பெரிதும் அளந்தது. அறிவுச் சிதைவை அளந்ததாக நாம் எண்ணிக்கொண்டோம்.

இதற்கு மாற்று தோன்றிய வரலாறு சுவையானது. கனடாவின் மனிடோபா மாநிலத்தில் வாழும் கிரீ பழங்குடியினருக்காக, அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எழுத்தறிவை வேண்டாத ஒரு வினாத்தொகுப்பை உருவாக்கினர். சுத்தியலைக் கொண்டு என்ன செய்வோம், அருகிலுள்ள கடை எங்கே இருக்கிறது, முதலில் சன்னலையும் பிறகு கதவையும் சுட்டிக் காட்டுங்கள் என்றாற்போல் அதன் வினாக்கள் அமைந்தன. முதியவரிடம் கேட்பது ஒரு பகுதி; அவரை நன்கறிந்த உறவினரிடம், அவரது அன்றாட நடப்பில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்பது மறு பகுதி. இக்கருவி அடுத்து நைஜீரியாவின் இபாதான் நகருக்குச் சென்றது. அங்குள்ள யொரூபா மக்களையும் இந்தியானாபொலிஸ் நகரின் கறுப்பின மக்களையும் ஒரே முறையில் ஆராய்ந்தபோது, புதிதாக டிமென்ஷியாவுக்கு ஆளாவோர் இபாதானில் ஆண்டுக்கு 1.35 விழுக்காடு, அமெரிக்க நகரில் 3.24 விழுக்காடு எனக் கண்டனர். 2001இல் வெளியான இம்முடிவு பரவலாகப் பேசப்பட்டது. ஒரே மூலத்து மக்களிடையே இத்தகைய வேறுபாடு இருப்பின், வாழ்முறைக்கும் இந்நோயில் பங்குண்டு என்ற கருத்து வலுப்பெற்றது.

10/66 குழுவினர் அக்கருவியைத் தம் ஆய்வின் மையமாக எடுத்துக்கொண்டனர். அத்துடன் மனநிலையை ஆராயும் ஒரு நேர்காணலையும், பத்துச் சொற்களைக் கேட்டு நினைவில் நிறுத்தும் சோதனையையும் சேர்த்தனர். 25 மையங்களில் 2885 முதியோரிடம் இதனைச் சோதித்து 2003இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். நோயுற்றோர், மனச்சோர்வுற்றோர், கல்வி மிகுந்த நலமானோர், கல்வி குறைந்த நலமானோர் என நால்வகையினரும் அதில் இருந்தனர். மனச்சோர்வுற்றோரைத் தனியே சேர்த்தமைக்குக் காரணம் உண்டு: துயரத்தில் ஒடுங்கிய முதியவரும் மறதிக்காரர்போல் தோன்றுவார். நோயுற்றோரில் 94 விழுக்காட்டினரை அம்முறை சரியாக இனங்கண்டது. கல்வி குறைந்த நலமானோரில் 6 விழுக்காட்டினரை மட்டுமே தவறாக நோயாளர் என்றது.

இனி நாம் மையச் செய்திக்கு வருவோம். கியூபா, டொமினிக்கன் குடியரசு, வெனிசுலா, பெரு, மெக்சிகோ, சீனா, இந்தியா ஆகிய ஏழு நாடுகளின் 11 களங்களில், 65 வயதைக் கடந்த 14,960 பேரை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தனர். 2008இல் வெளிவந்த அவ்வறிக்கையின் முதலாசிரியர் ஹவானாவைச் சேர்ந்த ஹுவான் யிப்ரே ரொட்ரிகஸ். தரவைத் திரட்டிய நாட்டவரே எழுதவும் முன்னின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. அதே மக்களை இரு அளவுகோல்களால் எண்ணினர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி எண்ணினால், இந்தியச் சிற்றூர்களில் நோயுற்றோர் வெறும் 0.3 விழுக்காடு, கியூபாவில் 6.3 விழுக்காடு. 10/66 முறைப்படி எண்ணினாலோ, எல்லாக் களங்களும் 5.6க்கும் 11.7க்கும் இடையில் அடங்கின. முதல் அளவுகோலில் இருபது மடங்கு வேறுபாடு. இரண்டாவதில் ஏறத்தாழ இரு மடங்கே.

இந்த 0.3 எங்கிருந்து வந்தது? அமெரிக்க வரையறை, நினைவுச் சரிவோடு அன்றாட வாழ்வும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர் உறவினர். வளர்ச்சி குறைந்த களங்களில் உறவினர்கள் அவ்வாறு சொல்லவில்லை. நம் வீடுகளை நினைத்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். எழுபதைக் கடந்த உம்மாவிடம் கடைக்குப் போய் வாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. அடுப்படி மருமகளின் கைக்குப் போய்ப் பல்லாண்டாகிறது. பணம் மகனிடம் இருக்கிறது. பேரனை மகனின் பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். செய்ய வேண்டிய வேலை ஏதும் இல்லாதவரிடம் வேலைத் திறன் குறைந்ததை எவ்வாறு காண்பது? 'வயதாகிவிட்டதல்லவா' என்ற ஒரே விடையில் எல்லாம் அடங்கிவிடுகிறது. மதிப்பும் அன்புமே இங்குத் திரையாகின்றன. பெற்றோரின் குறையை அந்நியரிடம் சொல்வது ஒழுக்கக்கேடு என்று வளர்ந்தவர், படிவத்தோடு வந்து நிற்கும் ஆய்வாளரிடம் 'நன்றாகத்தான் இருக்கிறார்கள்' என்றே கூறுவார்.

10/66 முறை நோயை மிகைப்படுத்துகிறது, முதுமையின் இயல்பான தளர்ச்சியையும் நோயாக எண்ணுகிறது என்ற மறுப்பு எழாமல் இல்லை. நியாயமான ஐயமே. அதற்கான விடையைச் சென்னையே தந்தது. அம்முறைப்படி நோயுற்றோர் எனக் குறிக்கப்பெற்றவர்களை மூன்றாண்டுகள் கழித்து மீண்டும் தேடிச் சென்றனர். பிறரைவிட அவர்களிடையே இறப்பு மிகுதியாயிருந்தது. எஞ்சியோரின் நினைவும் செயல்திறனும் மேலும் சரிந்திருந்தன. 2010இல் வெளியான இம்முடிவு, அவர்களிடம் கண்டது வெறும் முதுமை அன்று என்பதற்குச் சான்று.

கூட்டுக் குடும்பம் இருக்கும்வரை நமக்குக் கவலையில்லை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக உண்டு. மேடைகளில் இது பெருமையோடு சொல்லப்படுகிறது. 24 மையங்களில் 706 நோயாளர்களின் பராமரிப்பாளரை நேர்கண்டு 2004இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தளர்த்துகிறது. பராமரிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். நோயாளருடன் ஒரே வீட்டில் வாழ்வோர். வீட்டில் ஆட்கள் மிகுதியாயின் சுமை ஓரளவு குறைந்தது உண்மை. ஆயினும் அவர்களது மனவழுத்தம் செல்வ நாடுகளில் உள்ளதற்குச் சற்றும் குறையவில்லை. பலர் தம் வேலையைக் குறைத்துக்கொண்டிருந்தனர். மிக வறிய நாடுகளின் குடும்பங்களே தனியார் மருத்துவத்திற்கு அதிகம் செலவிட்டிருந்தன. 'குடும்பம் பார்த்துக்கொள்ளும்' என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் ஒரு மருமகளையோ மகளையோதான் குறிக்கிறோம். அவளைக் கேட்டுச் சொல்வதில்லை.

இங்கு நம் துறை சார்ந்த ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். லுஹர் தொழுது முடித்த முதியவர் மீண்டும் ஒளூச் செய்து அதே தொழுகைக்கு நிற்பதும், ரக்அத்துகளை மறப்பதும், நோன்பென்பதையே மறந்து உணவு கேட்பதும் பல வீடுகளில் வேதனையாகவும் வெட்கமாகவும் உணரப்படுகின்றன. அறிவு கைவிட்டுப் போகும் முதுமையைத் திருமறை அந்நஹ்ல், அல்ஹஜ் ஆகிய இரு அத்தியாயங்களில் சுட்டுகிறது. மார்க்கக் கடமைகள் 'அக்ல்' எனும் அறிவைச் சார்ந்தவை. அது நீங்கியவர்மீது கடமையும் இல்லை, குற்றமும் இல்லை என்பது ஃபிக்ஹின் அடிப்படை. ஆகவே அவரை அதட்டித் திருத்த முயல்வது தேவையற்ற துன்பம். அதே அடிப்படையில், அறிவு நீங்கியவர் செய்யும் கொடுக்கல் வாங்கலும் செல்லாது. நிலப் பத்திரத்தில் கைந்நாட்டு வாங்கும் அவசரத்தில் இது மறக்கப்படுகிறது. நோயைக் காலத்தே அறிவது மருத்துவத்திற்கு மட்டுமின்றி உரிமைக்கும் வேண்டியதாகிறது.

கண்டறிந்தபின் என்ன செய்வது? நரம்பியல் மருத்துவர்கள் நகரங்களில் உள்ளனர். நோயாளரோ எங்கும் உள்ளனர். இதற்கு இந்தியாவிலேயே இரு முயற்சிகள் நடந்தன. கேரளத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சில மணிநேரப் பயிற்சி மட்டும் அளித்துத் தம் பகுதியில் யாருக்கு இந்நோய் இருக்கலாம் என்று குறிக்கச் சொன்னார்கள். 2002இல் வெளியான அவ்வாய்வில், அவர்கள் குறித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு நோய் இருப்பதை மருத்துவர் உறுதி செய்தனர். ஆண்டுக்கணக்கில் ஒரே தெருவில் புழங்குபவருக்குத் தெரிவது, ஒருமுறை வந்து போகும் மருத்துவருக்குத் தெரியாது போலும்.

மற்றது கோவாவில் நடந்தது. உள்ளூர்வாசிகள் சிலருக்குப் பயிற்சியளித்து வீட்டுப் பராமரிப்பு ஆலோசகர்களாக்கினர். ஆறு மாத காலம், குறைந்தது இரு வாரத்திற்கு ஒருமுறை அவர்கள் வீடுகளுக்குச் சென்றனர். நோயைப் பற்றி எளிமையாக விளக்குவது, இரவில் எழுந்து அலைவதையும் சந்தேகப்படுவதையும் எவ்வாறு சமாளிப்பது என்று சொல்லித் தருவது, அரசு உதவிகளைப் பெற வழிகாட்டுவது, பராமரிப்பவரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது ஆகியனவே அவர்களின் பணி. பின்னணியில் ஒரு மனநல மருத்துவர் இருந்தார். 81 குடும்பங்களைக் கொண்டு நடந்த இவ்வாய்வு 2008இல் வெளியாயிற்று. பராமரிப்பாளரின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. நோயாளரின் செயல்திறனில் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் தெரியவில்லை. இந்நோய் குணமாவதன்று, அருகிருப்பவர் முறிந்துபோகாமல் காப்பதே இங்குச் சிகிச்சையின் பெரும்பகுதி. பராமரிப்பாளர்க்குப் பயிற்சியளிக்கும் இதே கருத்து பிறகு பெருவிலும் ரஷ்யாவிலும் சோதிக்கப்பெற்றது. கருவி மேற்கிலிருந்து வந்து கிழக்கில் திருத்தப்படுவது வழக்கம். இங்குப் பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது.

ஆயினும் இக்கூட்டுறவின் அமைப்பை நாம் மிகைப்படப் புகழ்வதற்கில்லை. ஒருங்கிணைப்பு லண்டனில் இருந்தது. பணத்தின் பெரும்பகுதி பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை, உலக நலவாழ்வு நிறுவனம், அமெரிக்க அல்ஸைமர் சங்கம் ஆகியவற்றிலிருந்து வந்தது. ஆய்வு முடிந்ததும் ஒவ்வொரு நாடும் தன் வழியே சென்றது. எண்ணுவதை ஒன்றாகச் செய்த நாடுகள், பராமரிப்பைத் தனித்தனியே விட்டுவிட்டன. 2018 முதல் இந்தியா, பிரேசில், கென்யா, இந்தோனேசியா, ஜமைக்கா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் பராமரிப்புக் கொள்கை குறித்து 'ஸ்ட்ரைட்' எனும் கூட்டுத் திட்டம் நடந்தது; அதற்கும் நிதி பிரிட்டனிலிருந்தே வந்தது. 2017இல் உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த செயல்திட்டம், 2025க்குள் உறுப்பு நாடுகளில் 75 விழுக்காடு இந்நோய்க்கெனத் தேசியக் கொள்கை வகுத்திருக்க வேண்டும் என்றது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. திட்டத்தின் காலம் 2031 வரை நீட்டிக்கப்பட்டது.

இதனிடையே இந்தியாவின் கணக்குத் தெளிவாகிவிட்டது. அமெரிக்கா, இங்கிலாந்து, மெக்சிகோ, சீனா ஆகிய நாடுகளின் ஆய்வுகளோடு ஒப்பிடத்தக்க முறையில் இந்தியா முழுவதும் நடந்த 'லாசி-டாட்' ஆய்வு 2023இல் வெளியாயிற்று. 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்கின்றனர். ஆண்களைவிடப் பெண்களிடம் அது மிகுதி. ஒரு காலத்தில் 0.3 என்று எண்ணப்பட்ட சிற்றூர்களிலேயே இப்போது நகரங்களைவிட அதிகம் காணப்பட்டுள்ளது.