மைனஸ் 253 டிகிரியில் ஒரு வாழ்க்கை

நகரி வழியாகத் திருமலைக்குப் போகும் தமிழ்நாட்டு பக்தர்கள் சில சமயம் அங்கே ஒரு விநோதக் காட்சியைப் பார்ப்பதுண்டு: ராக்கெட்டின் சிறிய மாதிரியைக் கையில் ஏந்தி ஏழுமலையானைத் தரிசிக்க வரும் இஸ்ரோ விஞ்ஞானிகள். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

2010 ஏப்ரல் 15 அன்று வேண்டுதல் பலிக்கவில்லை. இந்தியாவிலேயே தயாரான கிரையோஜெனிக் இன்ஜினுடன் முதன்முதலாகக் கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. முதல் இரண்டு கட்டங்களும் ஒழுங்காகவே வேலை செய்தன. மூன்றாவதில், ஹைட்ரஜனை உறிஞ்சித் தரும் பம்ப் நின்றுபோனது.

இந்தத் தோல்வியின் வலி வி. நாராயணனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் மேலக்காட்டுவிளையில் பிறந்து, தமிழ்வழியில் படித்து, 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். 1989இல் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் இன்ஜினியரிங் எம்.டெக். படிப்பை முதல் ரேங்கில் முடித்தார். அப்போது இந்த வித்தை தெரிந்தவர்கள் நாட்டில் வெகு சிலரே. ரஷ்யாவிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று 1991இல் ஒப்பந்தம் போடப்பட்டது. அமெரிக்கா முகம் சுளிக்க, 1993இல் ரஷ்யா பின்வாங்கியது. இன்ஜின்கள் மட்டும் கிடைக்கும், தொழில்நுட்பம் கிடையாது என்றாயிற்று.

அப்படி என்ன பெரிய ரகசியம்? வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரியில் ஓடுகிறது. ஆக்ஸிஜன் திரவமாக இருக்க மைனஸ் 183 டிகிரி வேண்டும். ஹைட்ரஜனுக்கோ மைனஸ் 253. இந்தக் குளிரில் உலோகம் சுருங்குகிறது, சீல்கள் விறைக்கின்றன, சாதாரண கிரீஸ் கல்லாகிவிடும். ஹைட்ரஜன் மூலக்கூறோ மயிரிழை இடுக்கிலும் நழுவி வெளியேறும். பம்ப் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல வேண்டும். அந்தப் பம்புக்குச் சற்றுத் தள்ளி இருப்பது கொதிகலனை மிஞ்சும் நெருப்பு. இத்தனை அவஸ்தைக்கும் காரணம் உண்டு: ஒரு கிலோ எரிபொருளிலிருந்து இவ்வளவு உந்துதலை வேறு எந்த ராக்கெட் எரிபொருளும் தருவது அரிது. கனமான செயற்கைக்கோள்களைத் தூக்க இது நல்ல வழி.

அடுத்த முயற்சியும் சுலபமாக இல்லை. 2013 ஆகஸ்ட் 19 அன்று கவுன்ட்டவுன் முடியச் சில நிமிடங்கள் அல்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தபோதே, இரண்டாம் கட்டத்தில் கசிவு தெரிந்து ஏவுதல் கைவிடப்பட்டது. கடைசியில் 2014 ஜனவரி 5 அன்று ஜிசாட்-14 சுற்றுப்பாதையை அடைந்தது. ரஷ்யா கதவைச் சாத்தி இருபது வருடங்கள் ஓடியிருந்தன.

அதன் பிறகு நாராயணன், எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் சி-25 கிரையோஜெனிக் கட்டத்தின் திட்ட இயக்குநராக இருந்தார். சுமார் 28 டன் எரிபொருள் பிடிக்கும் இது பெரிய உருப்படி. 2017 பிப்ரவரியில் மகேந்திரகிரியில் 640 விநாடிகள் எரித்துப் பார்த்தார்கள். நாராயணனின் சொந்த ஊரிலிருந்து அந்த மலை அப்படியொன்றும் தூரமில்லை. அதே ஆண்டு ஜூன் 5 அன்று முதல் பயணமே வெற்றி. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐ அனுப்பியதும் இதே ராக்கெட்தான்.

2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானார். இரண்டே வாரத்தில், 29ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல். கிரையோஜெனிக் கட்டம் தன் வேலையைப் பிசகின்றி முடித்தது. ஆனால் சுமந்து போன என்.வி.எஸ்.-02 செயற்கைக்கோளில் ஒரு வால்வு திறக்க மறுத்துவிட்டது.