முதுமையும் மூளையின் ஏற்பிகளும்

‘ஹார்மோன்’ என்னும் சொல்லைத் தமிழில் ஆக்க முற்பட்டோர் ‘சுரப்புநீர்’ என்றும் ‘இயக்குநீர்’ என்றும் வழங்கினர். இரண்டும் நல்ல சொற்களே. ஆயினும் ‘நீர்’ என்று முடிவதால் கேட்பவர் கருத்து உடனே அளவின்மேல் செல்கிறது: குறைந்ததா, மிகுந்ததா என்று. முதுமையில் மூளைக்கு நேர்வதை விளங்கிக்கொள்ள இப்பார்வை போதாது. நீரை வாங்கிக்கொள்ளும் கருவியையும் நாம் நோக்க வேண்டும். அதற்குரிய சொல் ‘ஏற்பி’. ‘ஏல்’ என்னும் வினையடியில் பிறந்து, குளிரூட்டி, மின்மாற்றி போல இகர ஈறு பெற்றது. (வகுப்பில் ‘ரிசப்டர்’ என்றே சொல்லும் ஆசிரியரை நாம் குறைகூறவில்லை, ‘ஏற்பி’ என்றால் மாணவருக்கு அதன் வேலையும் சேர்ந்தே விளங்கிவிடும்.)

ஏற்பி ஒரு புரதம். கார்டிசோல் குருதிவழி மூளையை அடைந்து, நரம்புச் செல்லுக்குள் புகுந்து, தனக்குரிய ஏற்பியோடு இணைகிறது. இணைந்த பின்னரே அது உட்கருவில் மரபணுக்களின் செயலை மாற்றுகிறது.

1968இல் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவன் குழுவினர், எலியின் ஹிப்போகேம்பஸ் இவ்வகை ஹார்மோனை மிகுதியாகப் பற்றிக்கொள்வதைக் கண்டனர். புதிய நினைவுகள் பதிய உதவும் பகுதி அது. அங்குள்ள ஏற்பிகள் ‘போதும்’ என்னும் செய்தியைப் பெற்று, அட்ரினல் சுரப்பியைத் தணிப்பதிலும் பங்குகொள்கின்றன. மூப்படைந்த எலிகளில் இவ்வேற்பிகள் குறைவதைக் கண்ட சபோல்ஸ்கி முதலியோர் 1986இல் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். ஏற்பி குறையத் தடை தளரும். தடை தளரக் கார்டிசோல் மிகும். மிகுந்த கார்டிசோல் அப்பகுதியையே நலிவிக்கும். இது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. எனினும், 1998இல் வெளிவந்த மான்ட்ரியால் ஆய்வில், ஆண்டுதோறும் கார்டிசோல் உயர்ந்துவந்த முதியோரின் ஹிப்போகேம்பஸ் மற்றவரினும் 14 விழுக்காடு சிறிதாயிருந்தது. நினைவுச் சோதனைகளிலும் அவர்கள் பின்தங்கினர்.

“அம்மாவுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் மறதி நிற்குமா?” என்று ஆசிரியைகள் நம்மிடம் கேட்பதுண்டு. நாம் மருத்துவர் அல்லோம். 2003இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றைச் சுட்டுவோம். 65 வயதும் அதற்கு மேலும் ஆன 4,532 பெண்களுள் ஒரு பாதியினர்க்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையும், மறுபாதியினர்க்கு மருந்தற்ற மாத்திரையும் தரப்பட்டன. முதுமை மறதி நோய் கண்டவர் முன்னதில் 40, பின்னதில் 21. காக்கும் என்று எதிர்பார்த்த மாத்திரை இடரை ஏறக்குறைய இரட்டித்தது! ஈஸ்ட்ரோஜனுக்கு மூளையில் இருவகை ஏற்பிகள் உண்டு. நெடுங்காலம் அந்த ஹார்மோன் இன்றியிருந்த மூளையில் அவற்றின் மறுமொழி மாறிவிடுகிறது, காலந்தாழ்ந்து வந்த நீரை அவை முன்போல் ஏற்பதில்லை என்பது ஆய்வாளர் சிலர் தரும் விளக்கம். நினைவைக் காக்கவென்று மட்டும் இச்சிகிச்சை இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடல்வெம்மைக்கும் உறக்கமின்மைக்கும் மருத்துவர் தருவது வேறு. அதனை இவ்வாய்வு கண்டு அஞ்சித் தாமே நிறுத்திவிடலாகாது.