பரளச்சிப் பனையும் ஸ்காட்லாந்து பாட்டிலும்: தெரியுமா?

விருதுநகர் மாவட்டத்துப் பரளச்சிப் பக்கம் கருவேலங்காட்டை ஒட்டி நிற்கிறதே பனை, அதில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் அதுவே நுரைத்துக் கள்! அதே பாளை, அதே அரிவாள், ஏறி இறங்குவதும் அதே கால்கள். முன்னதை விற்றால் வியாபாரம், பின்னதை விற்றால் வழக்கு. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் கள்ளுக்கடைக்கு அரசே உரிமம் கொடுக்கிறது!

சரி, ஸ்காட்ச் விஸ்கிக்கு? 2025 வரை 150 சதவீதச் சுங்க வரி. 100 ரூபாய்க்கு வந்திறங்கிய சரக்கு துறைமுகத்தைத் தாண்டும்போதே 250 ரூபாய்! அப்படியிருந்தும் 2022-இல் பிரான்ஸையே பின்னுக்குத் தள்ளி, பாட்டில் கணக்கில் உலகிலேயே அதிக ஸ்காட்ச் வாங்கிய நாடு இந்தியாதான், சுமார் 21.9 கோடி பாட்டில்! 2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி அந்த வரி முதலில் 75 சதவீதம் ஆகும். பத்தாண்டில் 40-க்கு இறங்கும். அருப்புக்கோட்டைக் கடையில் பாட்டில் பாதி விலைக்கு வந்துவிடுமா? வராது! குடிக்கும் மது ஜிஎஸ்டிக்குள்ளேயே இல்லை. ஆயத்தீர்வை, வாட் என்று மாநிலம் தனியாகப் போடுகிறது. 2024-25-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வரி வருமானம் ஏறத்தாழ 48,344 கோடி ரூபாய்!

வரி மனிதனின் நாக்கையே மாற்றிவிடும் என்பது தெரியுமா? 1703-இல் போர்ச்சுகலோடு மெத்யுயன் ஒப்பந்தம் போட்ட இங்கிலாந்து, பிரெஞ்சு ஒயினுக்கான வரியில் மூன்றில் ஒரு பங்கைப் போர்ச்சுகல் ஒயினுக்குக் குறைத்தது. அப்புறமென்ன, ஆங்கிலேயர் தலைமுறை தலைமுறையாகப் போர்ட் ஒயினுக்கு மாறிப்போனார்கள்!

நம் ஊர்க் கதை அதைவிட ஆச்சரியம். 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மதுவால் வந்துகொண்டிருந்த பணம் நின்றதும், அதை ஈடுகட்ட 1939-இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல்!

குடி கெட்டது என்றே வைத்துக்கொள்வோம். கடல்தாண்டி வரும் பாட்டிலுக்கு வரிக்குறைப்பு, காலடியில் ஊறும் கள்ளுக்கு வழக்கு என்பது என்ன நியாயம்? ஸ்காட்லாந்து விஸ்கிக்காகப் பேச ஓர் அரசாங்கம் மேசைக்கு வந்தது. பனையேறிக்காக எந்த மேசையிலும் யாரும் உட்காரவில்லை. சித்திரை வெயிலில் திருச்சுழிப் பக்கம் போகிறவர்கள் குளிர்பான பாட்டிலைத் தேடாமல் ஒரு பட்டை பதநீர் வாங்கிக் குடியுங்கள். திரும்பும்போது கருப்பட்டியும் வாங்குங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.