டார்ச் எரியவில்லையா? கட்டையைத் தூக்கி எறியாதீர்கள்!

இரவு 11 மணி. ஒரகடம் பக்கத்தில் ஒரு கிராமத்து நிறுத்தம். கம்பெனி பஸ் வந்து நின்றது. இரண்டாவது ஷிப்டு முடிந்து ஒரு பெண் இறங்கினாள். பஸ் போய்விட்டது. நிறுத்தத்தில் இருந்தது ஒரே ஒரு தெருவிளக்கு. அதற்கு அப்பால் கும்மிருட்டு. ஏரிக்கரை ஓரமாக நடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும்.

மகளை அழைத்துப்போக அப்பா வந்திருந்தார். கையில் டார்ச் விளக்கு. பொத்தானை அமுக்கினார். ஒரு தரம் மின்னியது, அணைந்தது. உள்ளங்கையில் தட்டினார். எரிந்தது. நாலு அடி நடந்ததும் மறுபடி அணைந்துவிட்டது.

"போன வாரம்தான் புதுக் கட்டை வாங்கிப் போட்டேன். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்!" என்று அவருக்குக் கோபம் வந்தது. கட்டைகளை வெளியே எடுத்தார். ஏரிப்பக்கம் எறியக் கையை ஓங்கினார்.

"எறியாதீங்கப்பா! கட்டை நல்லாத்தான் இருக்கு" என்றாள் மகள்.

தெருவிளக்கின் கீழே போய் நின்றாள். கட்டைகளின் இரண்டு முனைகளையும் துப்பட்டாவின் ஓரத்தால் அழுத்தித் துடைத்தாள். டார்ச்சின் மூடியில் இருந்த ஸ்பிரிங்கையும் துடைத்தாள். எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடியை இறுக்கினாள். பொத்தானை அமுக்கினாள்.

பளிச்சென்று வெளிச்சம்!

கட்டை மாறவில்லை. பல்பு மாறவில்லை. பிறகு எப்படி எரிந்தது?

சேரும் இடத்தில் கோளாறு

கட்டை என்பது மின்சாரம் தரும் சிறிய குவளை. சாதாரணக் கட்டையின் சுவர் துத்தநாகம். நடுவில் ஒரு கரிக்கோல். தலையில் உலோகத் தொப்பி. 1886-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் காஸ்னர் இத்தகைய உலர்ந்த கட்டைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கட்டையின் சக்தி 1.5 வோல்ட். டார்ச்சில் இரண்டு கட்டை போட்டால் 3 வோல்ட்.

இந்த மின்சாரம் பல்புக்குப் போய்த் திரும்பினால்தான் வெளிச்சம் வரும். அந்த வழியில் எத்தனை இடங்களில் உலோகமும் உலோகமும் சேருகின்றன தெரியுமா? எண்ணிப் பாருங்கள். பல்பின் அடியில் முதல் கட்டையின் தொப்பி. முதல் கட்டையின் அடியில் இரண்டாவது கட்டை. அதன் அடியில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கும் மூடியும். மூடியும் டார்ச்சின் உடம்பும். பிறகு பொத்தான். மொத்தம் 6 இடங்கள்! ஓர் இடத்தில் விட்டுப்போனாலும் விளக்கு எரியாது.

கை வியர்வை, மழை ஈரம், கட்டையிலிருந்து கசியும் நீர் எல்லாம் அங்கே படிகின்றன. துருவும் களிம்பும் பிடிக்கின்றன. மின்சாரம் தடைப்படுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. பழைய மாதிரிப் பல்பு ஒன்றின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். களிம்பின் தடை 5 ஓம். அப்போது 3 வோல்ட்டில் 1 வோல்ட்டைக் களிம்பே தின்றுவிடும்! பல்புக்கு மிஞ்சுவது 2 வோல்ட்தான். விளக்கு மங்கிவிடும். பழி மட்டும் கட்டையின் மேல் விழும்.

குலுக்கிப் பாருங்கள்

குற்றம் கட்டையிலா, சேரும் இடத்திலா? கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது.

டார்ச்சை எரியவிட்டு மெதுவாகக் குலுக்குங்கள். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் கட்டையின் மேல் குற்றம் இல்லை. சேரும் இடம்தான் சரியில்லை. குலுக்கினாலும் மாறாமல் ஒரே மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் கட்டை தீர்ந்துவிட்டது.

முதலில் கட்டைகள் தலைமாறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். சரியாக இருந்தால் வெளியே எடுங்கள். முனைகளையும் ஸ்பிரிங்கையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். துரு பிடித்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் ரப்பரும் உதவும். மூடியின் மரையையும் துடைக்க மறக்காதீர்கள். ஸ்பிரிங் அமுங்கிப் போயிருந்தால் கொஞ்சம் இழுத்துவிடுங்கள்.

ஆல்கலைன் கட்டை கசிந்தால் முனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதை வெறும் கையால் தொடாதீர்கள். கண்ணில் படக்கூடாது. பஞ்சில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள். பிறகு ஈரத்துணி, அதன் பிறகு உலர்ந்த துணி. கசிந்த கட்டையைத் திரும்பப் போடாதீர்கள்.

புதுக் கட்டையோடு பழைய கட்டையைச் சேர்க்கவேண்டாம். டார்ச்சை மாதக்கணக்கில் உபயோகிக்காவிட்டால் கட்டைகளை வெளியே எடுத்து வைப்பது நல்லது. டி.வி. ரிமோட், சுவர்க் கடிகாரம், பிள்ளைகளின் பொம்மை எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

செல்போனில் தங்கம்!

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு இந்தச் சங்கதி புதிது அல்ல. 2006-ல் இங்கே நோக்கியா தொழிற்சாலை செல்போன் செய்யத் தொடங்கியது. சுற்று வட்டாரத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. பிறகு சால்காம்ப் கம்பெனி அந்த இடத்தை வாங்கி, செல்போன் சார்ஜர் செய்யும் ஆலை ஆக்கியது. பக்கத்தில் சுங்குவார்சத்திரத்திலும் செல்போன் தயாராகிறது.

அந்தக் காலத்து நோக்கியா போனின் முதுகைத் திறந்தால் பாட்டரி தெரியும். அதன் ஓரத்தில் மூன்று சிறிய உலோகப் பட்டைகள். போனில் மூன்று சின்ன ஸ்பிரிங்குகள். அவை மஞ்சளாக மின்னும். அது தங்க முலாம்! தங்கம் துருப்பிடிக்காது. களிம்பு ஏறாது. அதனால்தான் இந்தச் சின்ன இடத்தில் தங்கம் பூசுகிறார்கள். இரண்டு பட்டைகள் மின்சாரத்துக்கு. மூன்றாவது, பாட்டரி எந்த வகை என்று போனுக்குச் சொல்வதற்கு.

போன் அடிக்கடி அணைந்தால் ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஒரு காகிதத்தை மடித்துப் பாட்டரிக்குப் பக்கத்தில் சொருகினார்கள். பாட்டரி ஸ்பிரிங்கோடு இறுகச் சேர்ந்தது. போன் வேலை செய்தது. காகிதத்துக்கு எந்த மந்திரமும் இல்லை. சேரும் இடம் இறுகியது, அவ்வளவுதான்.

இப்போது வரும் பெரும்பாலான போன்களில் பாட்டரியைக் கழற்ற முடியாது. ஆனால் சார்ஜர் சொருகும் துளையில் பையில் உள்ள பஞ்சும் தூசியும் அடைந்துகொள்கின்றன. போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊசி வேண்டாம்.

சேரக்கூடாத இடத்தில் சேர்ந்தால்?

சேரவேண்டிய இடத்தில் சேராவிட்டால் விளக்கு எரியாது. சேரக்கூடாத இடத்தில் சேர்ந்தால் வீடே எரியும்!

2007 ஆகஸ்டில் நோக்கியா கம்பெனி உலகம் முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஜப்பானில் உள்ள மாட்சுஷிட்டா கம்பெனி செய்த 4 கோடியே 60 லட்சம் பாட்டரிகளைப் பற்றியது அது. சார்ஜ் ஏறும்போது அவற்றில் சில, உள்ளே ஷார்ட் ஆகி மிகவும் சூடாகலாம் என்று கண்டுபிடித்தார்கள். விரும்பியவர்களுக்கு இலவசமாக வேறு பாட்டரி கொடுத்தார்கள்.

ஆகவே, கழற்றிய பாட்டரியைச் சாவி, சில்லறைக் காசு இவற்றோடு பையில் போடாதீர்கள். இரண்டு முனைகளையும் கத்தியாலோ ஊசியாலோ சேர்த்துச் சுரண்டாதீர்கள். உப்பிய பாட்டரியைக் குத்தவோ, அமுக்கவோ, சார்ஜ் போடவோ கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பொத்தான் பாட்டரி. காசு மாதிரி தட்டையாக இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் தொண்டைக்குக் கீழே மாட்டிக்கொள்ளலாம். ஈரமான சதை பட்டதும் மின்சாரம் ஓடத் தொடங்கும். 2 மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடக்கூடும்! விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். 108-க்குப் போன் செய்யலாம். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது.

ஏரிக்கரையில் அப்பா முன்னே நடந்தார். மகள் பின்னே வந்தாள். இரவில் கட்டுவிரியன் நடமாடும் வழி அது. டார்ச் வெளிச்சம் நடுங்காமல் பாதையில் விழுந்தது.

"கடைக்காரன் மேல வீணாப் பழி போட்டுட்டேனே!" என்றார் அப்பா.

மகள் சிரித்தாள். வீடு வந்துவிட்டது.