ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன்

திருக்கடையூர் சன்னதித் தெருவில் விடியற்காலையில் நின்றால், ஊரே வேலையில் இருப்பது தெரியும். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வந்திறங்கும் குடும்பங்களுக்காக ஒருவர் மாலை கட்டுகிறார், ஒருவர் கலசத்துக்கு நூல் சுற்றுகிறார், சமையல் ஆட்கள் வேனிலிருந்து பாத்திரம் இறக்குகிறார்கள், வீடியோக்காரர் விளக்கு வைக்க இடம் பார்க்கிறார். இந்த ஆட்களில் இருபது வயதைத் தாண்டிய பையன்கள் நிறைய. அவர்களில் ஒருவரிடம் "என்ன தம்பி செய்றே?" என்று கேட்டுப் பாருங்கள். "சும்மாதான் சார் இருக்கேன். சிங்கப்பூருக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்று பதில் வரும்.

சொல்லி வைத்திருப்பது ஒரு ஏஜென்டிடம். அவர் பெரும்பாலும் அந்நியர் அல்ல. மாமாவுக்குத் தெரிந்தவர், சித்தப்பாவோடு துபாயில் ஒரே அறையில் இருந்தவர், பக்கத்து ஊர்ச் சம்பந்தி. காவிரிப் படுகையில் வெளிநாட்டு வேலை மூன்று தலைமுறையாக இப்படி உறவு வழியாகத்தான் வந்திருக்கிறது. அதனால் வீடு கட்டியவர்கள், தங்கையைக் கட்டிக்கொடுத்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே வழியில்தான் மோசடியும் வருகிறது. ஆளைத் தெரியும் என்பதற்காக அவர் கையில் இருக்கும் தாளைப் பார்க்காமலே நகையை அடகு வைத்துவிடுகிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அந்தப் பதிவுக்கு அவர் வங்கி உத்தரவாதம் கொடுத்திருக்க வேண்டும். ஒரு தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். அதற்கு ரசீது தர வேண்டும். பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை போன்ற செலவுகள் தனி. இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று ரொக்கமாகக் கேட்டு, "ரசீதெல்லாம் வேணாம்பா, நம்ம பையன்தானே" என்று ஒருவர் சொன்னால், அவர் பதிவு பெறாதவராக இருக்கலாம். பதிவு பெற்றவராக இருந்தால் விதியை மீறுகிறார். இரண்டில் எதுவானாலும் பணம் கட்டக் கூடாது.

சரிபார்க்கக் கைப்பேசியே போதும். வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. ஏஜென்டிடம் அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள். அந்த எண் பட்டியலில் இருக்கிறதா, இன்னும் செல்லுபடி ஆகிறதா, எந்தப் பெயரில், எந்த முகவரியில் இருக்கிறது என்று பாருங்கள். "நான் சென்னை ஆபீஸோட சப்-ஏஜென்ட்" என்பது கிராமங்களில் அடிக்கடி கேட்கிற பதில். அப்படியானால் அந்தச் சென்னை அலுவலகத்துக்கே போன் போட்டு, இவர் உங்கள் ஆளா, எங்கள் பையன் பெயரில் வேலை இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்ளும் ஏஜென்டை விட்டு விலகுவது நல்லது. பதிவு இல்லாமல் ஆள் எடுப்பவர்களைப் பற்றி அரசுக்கு வந்த புகார்களின் அடிப்படையில் ஒரு பட்டியலும் அதே தளத்தில் உண்டு. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படித்த பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அப்போது ஒப்பந்தத்தை ஓர் அரசு அதிகாரி பார்க்கிறார். பத்தாம் வகுப்பு தேறியவருக்கும் பட்டதாரிக்கும் அந்த அனுமதி தேவையில்லை. ஆகவே அவர்கள் கையில் இருக்கும் தாளை யாரும் பார்ப்பதில்லை. 2022-இல் வலை விரிக்கப்பட்டதும் இவர்களுக்குத்தான். தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் மார்க்கெட்டிங்' வேலை, டாலரில் சம்பளம், சுலபமான இன்டர்வியூ என்று சொல்லி, துபாயிலும் இந்தியாவிலும் இருந்த ஏஜென்டுகள் கணினி தெரிந்த இளைஞர்களை அழைத்துப் போனார்கள். தாய்லாந்தில் இறங்கியவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோய், இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அதோடு முடிந்துவிடவில்லை. 2025 மார்ச்சில் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானத்தில் 283 இந்தியர்களை அரசு அழைத்து வர வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தை எல்லாரும் மனத்தில் வைக்க வேண்டும்: தாய்லாந்தில் போய் இறங்கி வாங்கும் விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்று எந்த நாட்டுக்குச் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விசா எந்த வகை, வேலை கொடுப்பது எந்த நிறுவனம், அதன் முகவரி என்ன, சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம், தங்குமிடமும் திரும்பி வரும் டிக்கெட்டும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு ஒப்பந்தம் ஆகாது.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. வேலை அனுமதிக்கு முன் அந்நாட்டு மனிதவள அமைச்சகம் தரும் ஐ.பி.ஏ. கடிதத்தில் முதலாளியின் பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், பிடித்தம் எல்லாம் எழுதியிருக்கும். அதைப் புறப்படுவதற்கு முன்பே கையில் வாங்கிப் படிக்க வேண்டும். ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் கடிதத்தில் இருக்கும் சம்பளமும் ஒன்றாக இல்லையென்றால், கடிதத்தில் இருப்பதுதான் கிடைக்கும். போன பிறகு பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் அங்கே குற்றம். நம் ஊரிலும் பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாதக்கணக்கில் அதை மேசை அறையில் வைத்திருக்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை இல்லை.

பெண்கள் விஷயத்தில் விதி இன்னும் கடுமை. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்ணை அந்த 18 நாடுகளில் வீட்டு வேலைக்குத் தனியார் ஏஜென்ட் அனுப்ப முடியாது. 30 வயது நிறைந்திருக்க வேண்டும், அரசு நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அந்த நிறுவனம் சென்னையில் 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அரசு இப்படி ஓர் அமைப்பை நடத்துகிறது, செவிலியர் முதல் கட்டுமானத் தொழிலாளி வரை அதில் பதிவு செய்யலாம் என்பதே நம் கிராமங்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

உள்ளூர் ஏமாற்று வேறு ரகம். அரசு வேலைக்கு "குரூப்-4-ல இடம் வாங்கித் தர்றேன்" என்று பணம் கேட்கிறார்கள். 2019 செப்டம்பரில் நடந்த குரூப்-4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் அழியும் மை கொண்டு விடைத்தாளைத் திருத்திய முறைகேடு வெளிவந்தபோது, 99 பேருக்கு வாழ்நாள் முழுவதும் தேர்வெழுதத் தடை விதித்தது டி.என்.பி.எஸ்.சி. பணம் கொடுத்தவருக்குப் பணமும் போகும், எதிர்காலமும் போகும்.

இனி அந்தச் "சும்மாதான் இருக்கேன்" பையனுக்கு வருகிறேன். அவனைப் போன்ற ஒருவரின் பயோடேட்டாவைச் சமீபத்தில் பார்த்தேன். தந்தை பெயர், மதம், சாதி, பொழுதுபோக்கு கிரிக்கெட், கடைசியில் 'மேற்கண்ட யாவும் உண்மை' என்று உறுதிமொழி. அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. ஆனால் அவர் கல்லூரிக் காலம் முழுக்க முகூர்த்த நாட்களில் கேட்டரிங் குழுவோடு போனவர். முந்நூறு இலைக்கு எத்தனை கிலோ அரிசி, எந்தப் பந்தியில் எது தீரும், காய்கறிக்காரனிடம் எப்படிக் கணக்கு முடிப்பது எல்லாம் அவருக்கு அத்துபடி. உட்கார்ந்து அதை எழுதினோம். 'முந்நூறு பேர் வரையிலான விருந்துகளில் பரிமாறும் குழுவை ஒருங்கிணைத்தேன், ஸ்டோர் கணக்கு வைத்தேன்' என்று இரண்டு வரி. சாதி, மதம் எடுத்தாயிற்று. ஒரே பக்கம். ஓட்டல் நிர்வாகமோ நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனமோ பார்த்தால் கூப்பிட்டுப் பேசத் தோன்றும்.

டெல்டா பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை, செய்யும் வேலையை வேலையென்று எண்ணுவதில்லை என்பதே என் வருத்தம். அறுவடை இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர், மோட்டார் காயில் கட்டுபவர், நெல் கொள்முதல் நிலையத்தில் எடை எழுதியவர் எல்லாருக்கும் சொல்ல அனுபவம் இருக்கிறது. ஓட்டல் துறையில் முறையாகப் படிக்க நினைப்பவருக்குத் திருச்சி துவாக்குடியில் அரசு உணவக மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களைச் சென்னைத் தரமணியில் உள்ள உணவக மேலாண்மை நிறுவனத்தில் அரசு நிறுவனமான தாட்கோ செலவு ஏற்றுப் படிக்க வைக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பொறையாரிலும் மேலையூரிலும் மன்னம்பந்தலிலும் கல்லூரியில் படிப்பவர்கள் 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகளைச் சான்றிதழுக்காக மட்டும் முடிக்காமல், அதில் வரும் நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் உட்கார வேண்டும். முதல் இரண்டு இன்டர்வியூவில் வாய் குழறும். மூன்றாவதில் குழறாது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இன்று வெறும் பதிவு அலுவலகம் அல்ல, தொழில்நெறி வழிகாட்டும் மையமும்கூட. தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறது, போட்டித் தேர்வுக்குத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு வைக்கிறது. இதற்கெல்லாம் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை. பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்து சீனியாரிட்டியை இழப்பவர்கள் ஏராளம். பதிந்து ஐந்து ஆண்டு ஆகியும் வேலை கிடைக்காத, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்குப் படிப்பைப் பொறுத்து மாதம் 200 முதல் 600 ரூபாய் வரை உதவித்தொகை உண்டு. சின்னத் தொகைதான், ஆனால் டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்கும் பஸ் செலவுக்கும் ஆகும்.

ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியது இது. ஏஜென்டோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே விவரம், வங்கிக் கணக்குப் பக்கம், அவர் கொடுத்த போலி விசா எதையும் அழிக்காதீர்கள். இணையம் வழியாகப் பணம் போயிருந்தால் அன்றே 1930 எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்காமல் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்புண்டு. ஏஜென்ட் மீது காவல் நிலையத்திலோ மாவட்டக் குற்றப்பிரிவிலோ புகார் கொடுக்கலாம், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதலாம். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, பதிவு எண் வாங்கி வாருங்கள். வெளிநாட்டில் சிக்கியவர் குடும்பத்துக்கு வெளியுறவு அமைச்சகத்தின் உதவி எண் 1800 11 3090, தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல உதவி எண் 1800 309 3793. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி எண் 15100.

புகார் என்றதும் வீட்டில் ஒரு குரல் எழும். சொந்தக்காரனைப் போய் ஸ்டேஷனில் நிறுத்துவதா, பேசி முடித்துக்கொள்ளலாமே என்பார்கள். பேசி முடிப்பதானாலும் எழுத்தில் முடியுங்கள். எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று குறித்து, இரண்டு சாட்சி கையெழுத்தோடு வாங்குங்கள். அந்தத் தேதி தாண்டினால், உறவு பார்க்காமல் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு குற்றப்பிரிவுக்குப் போங்கள். அதே ஏஜென்டிடம் இப்போது பக்கத்துத் தெருவில் இன்னொரு தாய் தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டிருக்கலாம்.