போட்டி முறையும் நடுவுநிலைமையும்

நடுவுநிலைமை என்பது தீர்ப்பு வழங்குவோரிடத்து மாத்திரம் வேண்டப்படும் குணமெனப் பலர் கருதுவர். ஆயின் நடுவர் களத்தில் இறங்குமுன்னரே, யார் யாரோடு எத்தனை முறை மோதவேண்டுமென அமைப்பாளர் வகுக்கும் ஒழுங்கிலே நீதியின் பெரும்பகுதி தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. சதுரங்கத்திற்கும் பூப்பந்தாட்டத்திற்கும் பொருந்தும் இவ்வுண்மை, உலகப் போட்டிகளாக வளர்ந்துவிட்ட கணினி விளையாட்டுக்களுக்கும் பொருந்தும். ஆதலின் போட்டி முறைகளின் இயல்பை ஈண்டு ஆராய்வாம்.

அவற்றுள் எளியது விலகல் முறை. தோற்றவர் நீங்க வென்றவர் மேற்செல்வர். பதினாறு அணிகளுக்கு 15 ஆட்டங்களே போதும். ஆயினும் இம்முறை இரண்டாம் இடத்திற்கு உரியவரைச் சரியாகக் காட்டுமென்பதற்கு உறுதியில்லை. லூயிஸ் கரோல் என்னும் புனைபெயராற் புகழ்பெற்ற ஒக்ஸ்போட் கணித அறிஞர் டொட்சன், ரெனிஸ் போட்டிகள் பற்றி 1883இல் வெளியிட்ட சிறுநூலில் இக்குறையை எடுத்துக்காட்டினார். வல்லவரே என்றும் வெல்வரெனக் கொள்ளினும், 32 பேர் ஆடும் போட்டியில் இரண்டாம் வல்லவர் இரண்டாம் பரிசு பெறும் வாய்ப்பு 31இல் 16 மாத்திரமே. முதல்வரோடு ஒரே பாதியில் இடப்படின் அவர் இறுதியாட்டத்தை அடையார். ஒருமுறை தோற்றவருக்கு மறுவாய்ப்பளிக்கும் இரட்டை விலகல் முறை இக்குறையைப் பெரிதும் நீக்கும். ஆட்டங்களோ ஏறத்தாழ இருமடங்காகும்.

எல்லோரும் எல்லோரையும் எதிர்ப்பது லீக் முறை. பதினாறு அணிகளுக்கு 120 ஆட்டங்கள் வேண்டும். திறமையை நன்கு அளப்பது இதுவே எனினும், இங்கே வேறொரு தீங்கு நுழைகின்றது. 1962இல் குராசோ தீவில் எண்மர் ஆடிய உலகச் சதுரங்கத் தகுதிப்போட்டியிலே, சோவியத் வீரர்களாகிய பெற்றோசியன், கெரஸ், கெல்லர் என்போர் தம்முள் ஆடிய 12 ஆட்டங்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. அமெரிக்க வீரர் பிஷர் இதனைக் கூட்டுச்சதியெனக் கண்டித்தார். அடுத்த தகுதிப்போட்டி விலகல் முறைக்கு மாற்றப்பட்டது.

2012 இலண்டன் ஒலிம்பிக்கில் நிகழ்ந்தது இதனினும் இரங்கத்தக்கது. பூப்பந்தாட்டத்தின் முதற்கட்டத்திற்கு அவ்வாண்டு குழுமுறை புகுத்தப்பட்டது. ஏற்கனவே காலிறுதிக்குத் தகுதிபெற்ற மகளிர் இரட்டையர் சிலர், அடுத்த கட்டத்தில் எளிய எதிராளிகளைப் பெறவிரும்பி, வேண்டுமென்றே பந்தை வலையில் அடித்தனர். நான்கு இணைகள் தகுதி நீக்கப்பட்டன. தண்டனை ஆடியோரைச் சேர்ந்தது; தோல்வியை இலாபமாக்கிய ஒழுங்கை வகுத்தோர் பொறுப்பு யாது என்பதும் எண்ணத்தக்கது.

இவ்விரு முறைகட்கும் இடைப்பட்டது சுவிஸ் முறை. 1895இல் சூரிச் நகரில் நடைபெற்ற சதுரங்கப் போட்டியிற் கையாளப்பட்டமையால் இப்பெயர் பெற்றது. ஒவ்வொரு சுற்றிலும் சமமான வெற்றி பெற்றோரே தம்முள் மோதுவர். 'லீக் ஒவ் லெஜென்ட்ஸ்' என்னும் கணினி விளையாட்டின் உலகப் போட்டியில் 2022 வரை நந்நான்கு அணிகள் கொண்ட குழுக்கள் இருந்தன. விதி முடிவான அணிகளும் எஞ்சிய ஆட்டங்களை ஆடவேண்டியிருந்தது. 2023இற் பதினாறு அணிகளுக்கும் சுவிஸ் முறை வகுக்கப்பட்டது. மூன்று வென்றோர் முன்னேறினர். மூன்று தோற்றோர் நீங்கினர். 33 மோதல்களில் எட்டு அணிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பயனற்ற மோதல் ஒன்றேனும் இல்லை. எனினும் அனைவரும் ஒத்த வலிமையுள்ள எதிராளிகளைச் சந்திப்பதில்லை என்பதும், அடுத்த எதிராளி யாரென முன்னரே அறியவியலாது என்பதும் இம்முறையின் குறைகளாம்.

ஆகவே குறையற்ற முறை யாதுமில்லை. ஒருநாளில் முடிக்கவேண்டிய போட்டிக்கு விலகல் முறை ஏற்றது. அணிகள் சிலவாய் நாட்கள் பலவாயின் லீக் முறை சிறக்கும். இறுதிச் சுற்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துதல் நன்று. அணிகளும் பலவாய் நாட்களும் ஓரளவு உளவாயின் சுவிஸ் முறையாற் சிறந்தோரைத் தெரிந்து, பின்னர் விலகல் முறையால் முடித்தல் தகும். எம்முறையைக் கொள்ளினும் அமைப்பாளர் முதலில் தம்மைக் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: இவ்வொழுங்கில் எந்த ஆட்டத்திலேனும் தோற்பவருக்கு நன்மை விளையுமா? விளையுமாயின் அதனைத் திருத்துக. வீரரின் நேர்மையைச் சோதிப்பதன்று, அதனைக் காப்பதே அமைப்பாளர் கடன்.