டாங்கி விளையாட்டில் ஒரு கோசைன் பாடம்

கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வாய்க்கால் தாண்டிப் பழகியவர்களுக்கு இது தெரியும். 4 அடி அகல வாய்க்காலுக்குக் குறுக்கே நேராகப் போட்டால் 4 அடிப் பலகை எட்டும். அதையே 60 பாகை சாய்த்துப் போட்டால் 8 அடி வேணும்.

கணினியில் டாங்கி விளையாடும் பசங்களைக் கேளுங்க. சாய்ந்த கவசத்தில் குண்டு துளைக்காமல் போவதும் இதே கணக்குத்தான்.

குண்டு கடக்க வேண்டிய தடிப்பு = தகட்டின் தடிப்பு ÷ கோசைன் கோணம்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய சோவியத் டி-34 டாங்கியின் முன்பக்க மேல்தகடு 45 மி.மீ. தடிப்பு, செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தது. குண்டு கிடையாக வந்தால் 45 ÷ 0.5 = 90 மி.மீ. ஆகவே, 85 மி.மீ. துளைக்கும் குண்டு உள்ளே போகாது.

மாணவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். தகட்டுக்கும் குண்டின் பாதைக்கும் இடையே 30 பாகை என்று படத்தில் இருக்கும். அதை அப்படியே கோசைனில் போட்டால் 45 ÷ 0.866 = 52 மி.மீ.தான் வரும். துளைக்காத குண்டு துளைத்ததாக விடை தலைகீழாகிவிடும்! கோணத்தைத் தகட்டுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்க வேண்டும். முதலில் அந்தக் கோட்டை வரையுங்க; அப்புறம் கணக்கைத் தொடுங்க.

ஆசிரியர்களே, ஒன்று சொல்லி வையுங்கள். விளையாட்டில் வேறு விதிகளும் சேரும். 'வேர்ல்டு ஆஃப் டாங்க்ஸ்' விளையாட்டில் ஒவ்வொரு குண்டின் துளைக்கும் திறனும் 25 விழுக்காடு வரை கூடும், குறையும். தேர்வுத் தாளில் அந்த அதிர்ஷ்டம் கிடையாது.